பதினொரு பெண்கள் தண்ணீர் குடித்த வியாழக்கிழமை

பூமாலையின் கனத்தையும் அதைவிடக் கனமான முன்னுரைகளையும் ஒருசேரத் தாங்கிக்கொண்டு தலைமை இருக்கையில் வீற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய கஸ்தூரிரங்கன் அவர்களே, அழைப்பிதழில் என் பெயரில் ஒரு கால் எழுத்தை விழுங்கிவிட்டு அதற்காக மூன்று முறை தொலைபேசியில் மன்னிப்புக் கேட்ட மாண்புமிகு தமிழ்ச் சங்கச் செயலாளர் சுந்தரமூர்த்தி அவர்களே, முன்வரிசையை முழுமையாக நிறைத்திருக்கும் முதுபெரும் சான்றோர்களே, கதவோரம் அமர்ந்து பந்தி எப்போது தொடங்கும் என்று கண்காணித்துக்கொண்டிருக்கும் நடைமுறை ஞானிகளே, ஜோகுபாளையத்திலிருந்தும் ஆஸ்டின் டவுனிலிருந்தும் ஆட்டோக்காரரோடு வாதாடி வென்று வந்திருக்கும் வீரத் தாய்மார்களே, வாரத்தில் கிடைத்த ஒரே விடுமுறையையும் தமிழுக்குத் தாரைவார்த்துவிட்டு இப்போது அதற்காக வருந்திக்கொண்டிருக்கும் ஐ.டி. இளைஞர்களே, உங்கள் அனைவருக்கும் பாமாவின் பணிவான வணக்கம்.

எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு 'பெருகும் மக்களும் பேணும் சூழலும்'. கேட்பதற்கு எவ்வளவு இனிமை, பாருங்கள். செயலாளர் இதைச் சொன்னதும் நான் கேட்டேன், "சார், இதையே ஒரே வார்த்தையில சொல்லலாமா?" என்று. "தாராளமா சொல்லுங்கம்மா" என்றார். சொன்னேன். இணைப்பு போய்விட்டதோ என்று நினைத்தேன். இணைப்பு இருந்தது, அவருக்குத்தான் மூச்சு போய்விட்டது. அந்த வார்த்தையை இப்போது உங்களிடமும் சொல்கிறேன். மூத்திரம்.

பார்த்தீர்களா, இரண்டாம் வரிசையில் ஒருவர் முகத்தைத் துண்டால் துடைக்கிறார். 'சிறுநீர்' என்று சொல்லலாமே அம்மா என்று முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் திருத்துகிறார். சொல்லலாம் ஐயா. செம்மையான சொல், சீரான சொல். ஆனால் முட்டிக்கொண்டு வரும்போது அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டு ஓடியவர் எவரையும் நான் கண்டதில்லை. இருந்தாலும் உங்கள் வயதுக்கு மரியாதை கொடுத்து, இனி இடையிடையே சிறுநீர் என்றும் சொல்லிக்கொள்கிறேன்.

இதைப் பேச இவளுக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். முப்பத்தோரு ஆண்டுகள் இந்த ஊரின் கழிவுநீர்க் குழாய்களோடு குடும்பம் நடத்தியவள் நான். ஓய்வுபெற்ற அரசுப் பொறியாளர். கட்டிய கணவரைவிட மேன்ஹோல் மூடிகளை அதிகமாகப் பார்த்தவள். அவர் மூன்றாம் வரிசையில்தான் இருக்கிறார். ஆமாம் என்று தலையாட்டுகிறார், பாருங்கள்.

இந்தப் பெங்களூரு பெருகியதே, எப்படிப் பெருகியது? அகலமாகப் பெருகியது, உயரமாகப் பெருகியது, ஏரிக்கு மேலும் பெருகியது. வேலூரிலிருந்து வந்தோம், சேலத்திலிருந்து வந்தோம், பாட்னாவிலிருந்து வந்தார்கள், கவுகாத்தியிலிருந்து வந்தார்கள். வந்தவர்களுக்கு வீடு எங்கே என்று கேட்டார்கள். வேலை எங்கே என்று கேட்டார்கள். வண்டியை எங்கே நிறுத்துவார்கள் என்றுகூடக் கேட்டார்கள். குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கொஞ்சம் தாமதமாகவாவது கேட்டார்கள். குடித்த தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டார்களா? ஒருவராவது கேட்டார்களா?

ஆண்களுக்கு அந்தக் கேள்வியே எழவில்லை. அவர்களுக்குச் சுவர் இருந்தது. சுவர்க்காரர்களும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, சுற்றுச்சுவரில் சாமி படம் போட்ட ஓடுகளைப் பதித்துவிட்டார்கள். பிள்ளையார், அவருக்குப் பக்கத்தில் சிலுவை, சிலுவைக்குப் பக்கத்தில் பிறை. மத நல்லிணக்கம் இந்த நகரத்தில் எங்கே தழைக்கிறது என்று யாராவது கேட்டால், தயங்காமல் அந்தச் சுவரைக் காட்டுங்கள். சிரிக்கிறீர்கள். ஆண்கள் சற்று மெதுவாகச் சிரிக்கிறீர்கள், அதையும் கவனித்தேன்.

சரி, பெண்கள்? பெண்கள் என்ன செய்தார்கள்? அதைச் சொல்வதற்குத்தான் வந்திருக்கிறேன். சொற்பொழிவாகச் சொன்னால் உறங்கிவிடுவீர்கள். ஆகவே நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

எங்கள் ஜோகுபாளையத்தில், என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவர் அன்னம்மாள். நாற்பத்தாறு வயது. அல்சூர் பஜார் பக்கத்தில், ஒரு சந்து முனையில் மூன்று மாடியில் இருக்கும் ஒரு பட்டுக்கடையில் பத்தொன்பது ஆண்டுகளாகச் சேலை எடுத்துக் காட்டுகிறவர். கடையின் பெயர் சௌபாக்கியா சில்க்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மைப் பெயரைச் சொன்னால் உங்களில் பாதிப் பேர் இப்போது கட்டியிருக்கும் சேலையைக் குனிந்து பார்ப்பீர்கள். அன்னம்மாள் பேச ஆரம்பித்தால், ஒரு சேலை வாங்க வந்தவர் மூன்று வாங்கிக்கொண்டு, அடுத்த கல்யாணம் எப்போது என்று யோசித்தபடி வெளியே போவார். நிறத்தின் பெயரை அவர் சொல்லும்போதே நிறம் கூடும். கத்தரிப்பூ, மாம்பழம், மயில்கழுத்து. அந்த நாவின் வன்மை இந்த மேடையில் எனக்கு இருந்திருந்தால் இந்நேரம் நீங்கள் கைதட்டியிருப்பீர்கள்.

நன்றி. கேட்டு வாங்கினாலும் கைதட்டல் கைதட்டல்தான்.

அந்தக் கடையில் பன்னிரண்டு பெண்கள். காலை ஒன்பதரைக்கு உள்ளே வந்தால் இரவு எட்டரைக்கு வெளியே போகவேண்டும். கடைக்குப் பின்புறம் அவர்களுக்கென்று ஒரு கழிப்பறை இருந்தது. கவனியுங்கள், இருந்தது. ஒரு மழைக்காலத்தில் அதன் பீங்கானுக்குள்ளிருந்து தெருச் சாக்கடை பொங்கி மேலே வந்தது. உள்ளே போகவேண்டியது வெளியே வந்தது. சரக்கு வைத்திருந்த அறை வரைக்கும் வந்தது. முதலாளி கோவிந்தப்பா அலறியடித்து அறையைக் கழுவினார், கழிப்பறைக் கதவைப் பலகை வைத்து அடித்தார், அதற்கு முன்னால் சேலை கட்டிய இரண்டு பொம்மைகளை நிறுத்தினார். பொம்மைகளுக்கு அந்த வசதி தேவையில்லை. பெண்களுக்கு?

பேருந்து நிறுத்தத்தில் ஒரு பொதுக் கழிப்பிடம் இருந்தது. சாலையை அகலமாக்கும்போது இடித்துவிட்டார்கள். வண்டிகள் நிம்மதியாகப் போகவேண்டும் அல்லவா? மனிதர்கள் போவது அப்புறம். எதிரே ஒரு சிற்றுண்டிச் சாலை, நின்றபடி இட்லி சாப்பிடும் இடம். அங்கே உண்பதற்கே உட்கார இடமில்லை. மிச்சமிருந்தது மெட்ரோ நிலையம். அந்த நெரிசலில் போக இருபது நிமிடம், வர இருபது நிமிடம். கடையில் கூட்டம் நிற்கும்போது நாற்பது நிமிடம் காணாமல் போகிறவளை எந்த முதலாளி கொஞ்சுவார்?

நம் ஊருக்கென்று ஒரு தாரக மந்திரம் இருக்கிறது, 'சொல்ப அட்ஜஸ்ட் மாடி'. பேருந்தில் இடமில்லையா, அட்ஜஸ்ட் மாடி. தண்ணீர் வரவில்லையா, அட்ஜஸ்ட் மாடி. அந்தப் பன்னிரண்டு பெண்களும் தங்கள் சிறுநீரகத்திடம் அதையே சொன்னார்கள். கொஞ்சம் அனுசரித்துக்கொள் என்றார்கள். எப்படி அனுசரிப்பது? தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டார்கள். அவ்வளவுதான். எளிய வழி. குடித்தால்தானே போகவேண்டும்?

இரண்டு ஆண்டுகள் இப்படியே ஓடின. போன ஆடி மாதம், வரமகாலட்சுமி நோன்புக்கு இரண்டு வாரம் இருக்கையில், நான் அந்தக் கடைக்குச் சேலை எடுக்கப் போனேன். அன்னம்மாள்தான் எடுத்துப் போட்டார். கை நடுங்கியது. பட்டு நழுவி நழுவி விழுந்தது.

"என்ன அன்னம், குளிருதா?"

"ஃபேன் காத்துக்கா. ஒண்ணுமில்ல. இந்தக் கத்தரிப்பூ பாருங்க, உங்களுக்குன்னே நெய்தாப்ல இருக்கு."

கடைக்குள் கூட்டத்தின் புழுக்கம். எனக்கு வியர்த்துக் கொட்டுகிறது. இவர் காற்றில் குளிர்கிறது என்கிறார். நான் படித்தவள், பொறியாளர், நான்கு பேருக்குப் புத்தி சொல்பவள். என்ன செய்தேன் தெரியுமா? முந்தானையில் சரிகை போதவில்லை, வேறு காட்டு என்றேன். அவர் மேல் அடுக்கை எட்டினார். அப்படியே சரிந்தார். விரித்துக் கிடந்த பதினைந்து பட்டுச் சேலைகளின் மேல் விழுந்தார். தொட்டுப் பார்த்தேன், நெற்றி கொதித்தது, பற்கள் கிடுகிடுவென்று அடித்தன.

பில் போடும் மேசையிலிருந்து மௌரீன் ஓடிவந்தார். ஆஸ்டின் டவுன்காரர், அந்தக் கடையில் யாருக்கும் பயப்படாத ஒரே பிறவி. ஆளுக்கொரு கைத்தாங்கலாய் அன்னம்மாளை ஆட்டோவில் ஏற்றினோம். மருத்துவமனை இரண்டு கிலோமீட்டர். போய்ச் சேர ஐம்பது நிமிடம். நடந்து போயிருந்தால் முன்னதாகப் போயிருக்கலாம். நடக்கக்கூடியவர் எதற்காக மருத்துவமனைக்குப் போகப் போகிறார்?

அங்கே இருந்த மருத்துவர் நிருபமா, என் மகள் வயது. அன்னம்மாளுக்கு ஊசி போட்டு, ஸ்கேன் எடுத்து, சற்று நினைவு தெளிந்ததும் கேட்டார்.

"ஒரு நாளைக்கு எவ்ளோ தண்ணி குடிப்பீங்கம்மா?"

"காலைல ஒரு டம்ளர் டாக்டர். தைராய்டு மாத்திரை போடணுமே."

"அப்புறம்?"

"ராத்திரி வீட்டுக்குப் போய்."

"நடுவுல?"

"நடுவுல வியாபாரம் டாக்டர்."

நிருபமா எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். பிறகு என்னை வெளியே அழைத்துப் போனார். "ஆன்ட்டி, யூரின் இன்ஃபெக்‌ஷன் கிட்னி வரைக்கும் ஏறியிருக்கு. வலது கிட்னில சீழ் வச்சிருக்கு. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா ரத்தத்துல கலந்திருக்கும்."

"பிழைச்சுடுவாளாம்மா?"

"பிழைச்சுடுவாங்க. ஆனா இவங்க மட்டும்னு நெனைக்காதீங்க. கடையில நிக்கறவங்க, கார்மென்ட்ஸ், செக்யூரிட்டி, வீடு வீடா போய் டெலிவரி குடுக்கறவங்க, எல்லாரும் வராங்க. எல்லார் சீட்டுலயும் ஒரே வரிதான் எழுதறேன். தண்ணி குடிக்கறதில்ல. எதுக்குன்னு கேட்டா சிரிக்கறாங்க ஆன்ட்டி. அழுதாக்கூடப் பரவால்ல, சிரிக்கறாங்க."

தாய்மார்களே, நீங்களும் இப்போது சிரிக்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். உங்களில் எத்தனை பேர் இன்று காலை ஆட்டோ ஏறுவதற்கு முன் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு வந்தீர்கள்? கை தூக்கவேண்டாம். மனத்துக்குள் தூக்குங்கள். போதும், போதும், நான் பார்த்துவிட்டேன்.

ஒன்பது நாள் மருத்துவமனையில் கிடந்தார் அன்னம்மாள். அவரை வீட்டில் கொண்டுவந்து விட்ட மறுநாள், நானும் மௌரீனும் கோவிந்தப்பாவைப் பார்க்கப் போனோம். போருக்குப் போவதுபோலப் போனோம். நான் வாக்கியங்களை எல்லாம் வழிநெடுகத் தீட்டி வைத்திருந்தேன். அவர் எதற்கும் இடம் கொடுக்கவில்லை. எழுந்து நின்று கும்பிட்டார்.

"மேடம், நான் ராட்சசன் இல்ல. அன்னம்மா என் தங்கச்சி மாதிரி. பன்னி, வாங்க, நீங்களே நோடுங்க, பாருங்க."

பொம்மைகளை நகர்த்தினார், பலகையைப் பெயர்த்தார், கதவைத் திறந்தார். திறந்ததும் நாங்கள் மூவரும் மூக்கைப் பிடித்தோம். கழிவுநீர் பீங்கானின் விளிம்புவரை கறுப்பாக நின்றது.

"நான் மூணு தபா ஆள் வச்சு க்ளீன் பண்ணேன் மேடம். ரெண்டே நாள், மறுபடி வாபஸ் வந்துடும். என் தப்பு என்ன இருக்கு? நான் கடை போட்டப்போ இந்தச் சந்துல பதினெட்டு ஓட்டு வீடு. ஈகா நோடி, இப்ப பாருங்க. மூணு பிஜி ஹாஸ்டல், ஒவ்வொண்ணுலயும் நூறு பசங்க. ரெண்டு ஓட்டல், ஒரு ஜிம், ஒரு கல்யாண மண்டபம். எல்லாரும் அதே பைப். எந்தப் புண்ணியவான் மேடம் இதுக்கெல்லாம் கையெழுத்து போட்டது?"

நான் சந்துக்குள் போய் மேன்ஹோலைப் பார்த்தேன். பழைய வார்ப்பிரும்பு மூடி. ஒன்பது அங்குலக் கல்குழாய். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் குழாயை எனக்கு நன்றாகத் தெரியும். பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்த வட்டாரம் என் மேசையில்தான் இருந்தது.

சபையோரே, இதைச் சொல்லத்தான் நான் இந்த மேடைக்கு ஒப்புக்கொண்டேன். திரும்பி வந்து கோவிந்தப்பாவிடம் சொன்னேன்: "புண்ணியவான் இல்ல கோவிந்தப்பா. புண்ணியவதி. கையெழுத்து போட்டது நான்தான்."

மௌரீன் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

லஞ்சம் வாங்கினாயா என்று நீங்கள் கேட்கவில்லை. நீங்கள் நாகரிகமானவர்கள். ஆனாலும் நானே பதில் சொல்கிறேன், வாங்கவில்லை. வாங்கியிருந்தால் ஒரு காரணமாவது இருந்திருக்கும். ஒவ்வொரு விண்ணப்பமும் தனித்தனியாக வந்தது. ஒரு விடுதி, ஓர் இணைப்பு. ஓர் ஓட்டல், ஓர் இணைப்பு. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு தாளும் நியாயம். ஒரு தாள்கூட விதியை மீறவில்லை. எல்லாத் தாளையும் ஒன்றாக விரித்துவைத்து, இத்தனை பேரையும் இந்த ஒன்பது அங்குலம் தாங்குமா என்று கேட்பது யார் வேலை? என் வேலை. நான் கேட்கவில்லை. மாலை ஐந்தரைக்குப் பை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன், என் வீட்டுக் கழிப்பறைக்கு.

தாங்காத குழாய் என்ன செய்யும்? ஒரு பாதி அன்னம்மாளின் கழிப்பறைக்குள் எழும்பியது. மறு பாதி மேன்ஹோல் மூடியைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடி, மழைநீருக்காக வெட்டிய ராஜகாலுவேயில் விழுந்தது. ராஜகாலுவே என்றால் ராஜாவின் கால்வாய். பெயரில் மட்டும் ராஜா. அது போய்ச் சேர்கிற இடம் ஏரி. இந்த மண்டபத்துக்கு வெளியே, இரண்டு தெரு தள்ளி இருக்கிறதே, அதே ஏரி. காற்று இந்தப் பக்கம் திரும்புகிறது என்றுதான் ஜன்னல்களைச் சாத்தியிருக்கிறீர்கள். வாசனை வெளியிலிருந்து வருகிறது என்று நினைத்தீர்களா? நாம் அனுப்பியதுதான் நம்மைத் தேடி வருகிறது. மீன்கள் மிதக்கின்றன, கொசுக்கள் கொழுக்கின்றன, டெங்கு காய்ச்சல் வீடுவீடாக விருந்தாடி வருகிறது. ஒரு பெண்ணின் சிறுநீரகமும் ஓர் ஊரின் ஏரியும் ஒரே குழாயில் மாட்டிக்கொண்டு திணறின. இதில் சூழல் எது, நலம் எது என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

கோவிந்தப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பரவால்ல மேடம். ஹப்பம் முடியட்டும், ஏதாவது பண்ணலாம்" என்றார். ஹப்பம் என்றால் பண்டிகை. பண்டிகை முடிந்தால் கல்யாண சீசன், கல்யாண சீசன் முடிந்தால் தீபாவளி. நானும் அரசு அலுவலகத்தில் இருந்தவள்தானே, 'ஏதாவது பண்ணலாம்' என்பதன் பொருள் எனக்குத் தெரியாதா?

அப்போது மௌரீன் கேட்டார். "சார், மூணாவது மாடில உங்க ரூம்ல ஒரு பாத்ரூம் இருக்கே. அந்தக் குழாய் முன் ரோட்டு லைனுக்குத்தானே போகுது? அது வாபஸ் வரதில்லையே?"

"அது என்னோடதும்மா. எனக்கு சுகர் இருக்கு. அடிக்கடி போகணும்."

"எங்களுக்கும் அடிக்கடி போகணும் சார். எங்களுக்கு சுகர் இல்ல, அவ்ளோதான்."

அவர் எழுந்து போய்விட்டார்.

வரமகாலட்சுமி நோன்பு வெள்ளிக்கிழமை. முந்தைய நாள் வியாழன், அந்தக் கடையில் ஆண்டிலேயே பெரிய வியாபாரம். அன்று காலை ஒன்பதே முக்காலுக்கு, மௌரீன் எல்லோரையும் துணி அடுக்கின் பின்னால் கூட்டினார். அன்னம்மாள் படுக்கையில். மீதி பதினொரு பேர். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் புட்டி. "வேலைய நிறுத்த வேணாம். கோஷம் போட வேணாம். இதைக் குடிங்க, அது போதும்" என்றார்.

உண்ணாவிரதம் பார்த்திருக்கிறோம். கதவடைப்பு பார்த்திருக்கிறோம். பேருந்துக் கண்ணாடியை நொறுக்கும் பெருவீரத்தையும் பார்த்திருக்கிறோம். தண்ணீர் குடித்தே ஒரு முதலாளியைப் பணியவைத்த போராட்டம் எங்கேயாவது நடந்ததுண்டா? அந்தச் சந்தில் நடந்தது. இரண்டு வருடமாகத் தாகத்தை அடக்கிய பெண்கள், மடக்கு மடக்காகக் குடித்தார்கள். ஒருத்தி குடித்துவிட்டு அழுததாக மௌரீன் சொன்னார். தண்ணீர் இவ்வளவு ருசியாக இருக்கும் என்று மறந்தே போயிருந்ததாம்.

பதினொன்றரைக்கு முதல் பெண் கோவிந்தப்பா முன்னால் போய் நின்றாள். "சார், மெட்ரோ ஸ்டேஷன் வரைக்கும் போய்ட்டு வரேன்." அவர் கையசைத்தார். அடுத்து இரண்டாவது. அடுத்து மூன்றாவது. எல்லோரும் மரியாதையாகச் சொல்லிவிட்டே போனார்கள். வாசலில் கடைக்காரப் பெண்கள் வெளியே போக, வாடிக்கையாளர்கள் உள்ளே வர, நண்பகலில் கடைக்குள் அறுபது பேர். எடுத்துக் காட்ட ஒருவர்கூட இல்லை. ஏற்கெனவே பிரித்துப் போட்ட சேலைகள் மலைபோல் குவிந்து கிடக்கின்றன. பில் மேசையில் மௌரீனும் இல்லை. கோவிந்தப்பா தன் இரண்டு கையாலும் ஒரு பட்டுச் சேலையை மடிக்கப் பார்க்கிறார். நாற்பது ஆண்டு பட்டு வியாபாரி. மடிக்கத் தெரியவில்லை. பிடிக்கப் பிடிக்க நழுவுகிறது.

வந்தவர்களில் ஒருவர் லட்சுமம்மா. மகள் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க, வீட்டுப் பெண்கள் ஏழு பேரோடு வந்திருந்த பழைய வாடிக்கையாளர். "ஏனப்பா கோவிந்தப்பா, எல்லி ஹோதரு எல்லாரும்?" எங்கே போனார்கள் எல்லோரும் என்று கேட்டார். கோவிந்தப்பா மழுப்பினார். அந்த நேரம் பார்த்து முதலில் போன பெண் வியர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தாள். அவளைப் பிடித்து லட்சுமம்மா விசாரித்தார். அவள் உள்ளதைச் சொன்னாள். அன்னம்மாள் விழுந்ததையும் சொன்னாள்.

லட்சுமம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கன்னடத்தில் நிதானமாகச் சொன்னதை நான் தமிழில் சொல்கிறேன். "கோவிந்தப்பா, எனக்கும் ஒரு மணி நேரமாக வருகிறது. நானும் அடக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். உன் கடையில் எனக்குக் கழிப்பறை இருக்கிறதா, இல்லையா? இருந்தால் போய்விட்டு வந்து சேலை எடுக்கிறேன். இல்லாவிட்டால் வேறு கடைக்குப் போகிறேன்."

பிறகு மூலையிலிருந்து இன்னொரு அம்மாள், "எனக்கும்" என்றார். அடுத்து ஒருவர். அடுத்து ஒருவர். இத்தனை நேரம் எல்லோரும் தனித்தனியே அடக்கிக்கொண்டு தனித்தனியே வெட்கப்பட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் அவர்களுக்கே தெரிந்தது.

கோவிந்தப்பா வேட்டி மடிப்பிலிருந்து ஒரு சாவியை எடுத்தார். மூன்றாம் மாடிப் படிக்கட்டில் முதலில் ஏறியவர் லட்சுமம்மா. அவருக்குப் பின்னால் வாடிக்கையாளர்கள், அவர்களுக்குப் பின்னால் ஒவ்வொருவராகத் திரும்பி வந்த கடைப் பெண்கள், படிக்கட்டு நிறைய வரிசை. ஒரு மணிக்கு எனக்குக் கோவிந்தப்பாவிடமிருந்து தொலைபேசி வந்தது. "மேடம், சாவி குடுத்துட்டேன். பின்னாடி பைப்புக்கு நீங்க ஏதாவது மாடி, பண்ணுங்க. உங்க கையெழுத்துதானே."

நியாயமான கேள்வி. போனேன், என் பழைய அலுவலகத்துக்கு. மனுக் கொடுக்க வருபவர்கள் உட்காரும் மரப்பெஞ்சு ஒன்று அங்கே உண்டு. முப்பத்தோரு ஆண்டுகள் பிறரை அதில் உட்காரவைத்தவள் நான். அதற்கு முதுகுச் சாய்வு இல்லை என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பதினான்கு முறை உட்கார்ந்தேன். சந்திலுள்ள ஒவ்வொரு கட்டடத்திலும் எத்தனை பேர், எத்தனை குழாய் என்று நானும் மௌரீனும் படியேறிக் கணக்கெடுத்துக் கொடுத்தோம். ஒரு இளம் பொறியாளர் கேட்டார், "மேடம், இதுக்கு ஒரிஜினல் சாங்ஷன் யார் குடுத்தது?" கீழே பாருங்கள், பெயர் இருக்கும் என்றேன். பார்த்தார். அதன்பின் அவர் என்னை உட்காரவைக்கவில்லை, வேலையைத் தொடங்கினார். ஏழு மாதம் ஆயிற்று. ஒன்பது அங்குலத்தை எடுத்துவிட்டுப் பதினெட்டு அங்குலம் போட்டார்கள். அந்த ஒரு சந்துக்கு மட்டும். அடுத்த சந்து இன்னும் ராஜகாலுவேயில்தான் ஓடுகிறது. ஏரி இன்னும் ஏரியாகவில்லை. பொய் சொல்லிக் கைதட்டல் வாங்க எனக்கு விருப்பமில்லை.

அன்னம்மாள் ஆறு வாரம் கழித்து வேலைக்குத் திரும்பினார். வலது சிறுநீரகம் பாதிதான் வேலை செய்கிறது, இனி அவ்வளவுதான் என்று நிருபமா சொல்லிவிட்டார். அன்னம்மாளிடம் நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். குழாயைப் பற்றியும் சொன்னேன், அன்றைக்குச் சரிகை போதவில்லை என்று மேல் அடுக்கை எட்டவைத்ததைப் பற்றியும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். "விடுங்கக்கா" என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. "எனக்குக் கோவம் இருக்குக்கா. கொஞ்ச நாள் இருக்கட்டும்" என்றார். இருக்கட்டும். அது அவருக்குரியது.

போன மாதம் அந்தக் கடையில் உஷா என்று ஒருவர் புதிதாகச் சேர்ந்தார். திருப்பத்தூரிலிருந்து வந்தவர், நாற்பது வயது. முதல் நாள், எந்த அடுக்கில் எந்தச் சேலை என்று கேட்டு அன்னம்மாள் முன்னால் நின்றார். அன்னம்மாள் அவரை முதலில் கடைக்குப் பின்புறம், இப்போது திறந்திருக்கும் கழிப்பறைக்கு அழைத்துப் போனார். "இது நம்மளது. எப்ப வேணா வரலாம், யார்கிட்டயும் கேக்க வேணாம். இப்ப வா, பட்டு எங்க இருக்குன்னு காட்டுறேன்."

அவையோரே, நான் தீர்மானம் எதுவும் முன்மொழியப் போவதில்லை. தீர்மானங்களை வைக்க இந்தச் சங்கத்தில் அலமாரி ஏற்கெனவே போதவில்லை. உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நாளை நீங்கள் கடைக்குப் போவீர்கள். சேலையோ செருப்போ மருந்தோ மளிகையோ ஏதோ ஒன்று வாங்குவீர்கள். விலையைக் கேட்பதற்கு முன்னால், எடுத்துக் கொடுக்கும் பெண்ணிடம் மெதுவாக ஒரு கேள்வி கேளுங்கள்: "நீங்க எங்கம்மா போவீங்க?" அவ்வளவுதான். அவள் முதலில் திகைப்பாள். பிறகு சிரிப்பாள். சிரிப்போடு விட்டுவிடாதீர்கள். முதலாளி காதில் விழும்படி இன்னொரு முறை கேளுங்கள். ஒரு கோடிக்கு மேல் மக்கள் இருக்கும் ஊர் இது. அதில் ஓர் ஆயிரம் பேர் கேட்டால் கடைகள் நெளியும். பத்தாயிரம் பேர் கேட்டால் அலுவலகங்கள் நெளியும். எல்லோரும் கேட்டால், என்னைப்போல் கையெழுத்துப் போடும் ஒவ்வொருவரும் பேனாவை எடுக்கும் முன் எல்லாத் தாளையும் ஒன்றாக விரித்துப் பார்ப்பார்கள்.

வெட்கப்படவேண்டிய சொல்லை வெட்கமில்லாமல் பேசியவளை இவ்வளவு நேரம் பொறுத்துக்கொண்ட தலைவருக்கும், ஒலிபெருக்கியை அணைக்காமல் விட்ட செயலாளருக்கும், எழுந்து போகாமல் கேட்ட பெரியோர்களுக்கும் என் நன்றி. அரை மணி நேரமாக அடக்கிக்கொண்டு அமர்ந்திருக்கும் தாய்மார்களுக்கு நன்றியோடு ஒரு வேண்டுகோளும் உண்டு. நான் பேசி முடித்துவிட்டேன். தயவுசெய்து போய்விட்டு வாருங்கள். வணக்கம்.